நீர் சேமிக்கும் கழிப்பறையில் கோளாறா? அறிகுறியிலிருந்து தொடங்குங்கள்

இரண்டு பொத்தான் வைத்த கழிப்பறைகளைப் பழுதுபார்ப்பது என் வேலை. சுவரில் தொங்கும் கோப்பை, சுவருக்குள் மறைந்த டேங்க், உள்மடிப்பு விளிம்பே இல்லாத வழவழப்பான பீங்கான் என்று வடிவம் எவ்வளவு மாறினாலும் வரும் புகார்கள் அவையேதான். பெரிய பொத்தானுக்கு 6 அல்லது 4.5 லிட்டர், சின்னதற்கு 3 லிட்டர் என்று அளந்து வேலை செய்யும் பொருள் இது. கையிருப்புத் தண்ணீர் குறைவு என்பதால் சிறு கோளாறுகூட அன்றைக்கே தெரிந்துவிடும். தெரியாமல் இருப்பது கசிவு ஒன்றுதான். அதனால் அதை முதலில் வைத்திருக்கிறேன்.

ஒவ்வொரு அறிகுறியின் கீழும் செலவில்லாத காரணம் முதலிலும் செலவு பிடிக்கும் காரணம் கடைசியிலும் வரும். வரிசையைத் தாண்டாதீர்கள். வாஷரைப் பார்க்காமல் டைல்ஸை உடைத்த வீடுகளுக்குப் போயிருக்கிறேன். உடைத்த பிறகும் கசிவு அங்கேயே இருந்தது.

## தொடங்கும் முன்

டேங்க் வெளியே தெரியும் வகையில், பொத்தானைத் திருகிக் கழற்றினால் மேல்மூடி வந்துவிடும். மறைந்த டேங்குக்குப் பொத்தான் பலகைதான் வாசல். பெரும்பாலான பலகைகள் மேல்நோக்கித் தள்ளினால் கழன்றுவரும். சிலவற்றில் அடியில் ஒரு சிறு திருகு இருக்கும். வரவில்லை என்றால் நெம்பாதீர்கள், கண்ணாடிப் பலகை விரிசல் விட்டுவிடும். அதன் பின்னால் பாதுகாப்புத் தகடும், பொத்தானின் அழுத்தத்தை வால்வுக்குக் கொண்டுபோகும் தள்ளுகம்பிகளும் இருக்கும். எதையும் கழற்றும் முன் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கம்பி இடது, எது வலது என்பது பிறகு நினைவில் நிற்காது. கோப்பையின் மேல் ஒரு துணியை விரித்துவிடுங்கள். உள்ளே விழுந்த திருகை எடுப்பது தனி வேலை.

டேங்கின் உள்ளே முக்கியமானவை இரண்டு. தண்ணீரை உள்ளே விடுவது மிதவை வால்வு. வெளியே விடுவது ஃபிளஷ் வால்வு; அதன் நடுவே நிற்கும் குழாய்தான் ஓவர்ஃப்ளோ. தண்ணீரை நிறுத்தும் ஆங்கிள் வால்வு டேங்கின் அருகில் சுவரில் இருக்கும். மறைந்த வகையில் டேங்கின் உள்ளேயே மேற்பகுதியில் இருக்கும்.

## அறிகுறி 1: யாரும் பயன்படுத்தாதபோதும் கோப்பையில் தண்ணீர் வழிகிறது

காதில் விழுந்தால் நல்லது. பல நேரம் விழாது. கோப்பையின் பின்சுவரில் கண்ணாடி போன்ற மெல்லிய படலமாக இறங்கிக்கொண்டே இருக்கும். அந்தச் சுவரைத் துடைத்துவிட்டு, காய்ந்த டிஷ்யூ தாள் ஒன்றை ஒட்டி வையுங்கள். அரை மணி நேரம் யாரும் பொத்தானைத் தொடக்கூடாது. தாள் நனைந்திருந்தால் கசிவு உண்டு. டேங்கில் உணவுச் சாயம் கொஞ்சம் ஊற்றி, கோப்பையில் நிறம் இறங்குகிறதா என்று பார்ப்பதும் அதே பலனைத் தரும்.

இது சிறிய விஷயமில்லை. நிமிடத்துக்கு 100 மில்லி கசிந்தால் நாளொன்றுக்கு 144 லிட்டர். 6 லிட்டர் முழு ஃபிளஷை 24 தடவை அழுத்துவதும் இதுவும் ஒன்று. நீர் சேமிக்கவென்றே வாங்கிய கழிப்பறை, பழைய பெரிய டேங்கைவிட அதிகம் செலவழித்துக்கொண்டிருக்கும்.

இப்போது கசிவு எந்த வால்வில் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். டேங்க் நிறைந்ததும் ஆங்கிள் வால்வை மூடுங்கள். நீர்மட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள்.

### மட்டம் இறங்கவில்லை என்றால்: மிதவை வால்வு

வரும் தண்ணீர் நிற்காமல் ஓவர்ஃப்ளோ வழியாகக் கோப்பைக்குப் போயிருக்கிறது. நீர்மட்டம் ஓவர்ஃப்ளோவின் வாயிலிருந்து சுமார் 2.5 செ.மீ. கீழே நிற்க வேண்டும். மிதவையின் பக்கத்தில் உள்ள திருகைத் திருப்பி மட்டத்தை இறக்குங்கள். பெரும்பாலும் வேலை இதோடு முடிந்துவிடும்.

மிதவையைக் கையால் மேலே தூக்கிப் பிடித்தும் தண்ணீர் நிற்கவில்லையா? வால்வின் தலைப்பகுதியைத் திறந்து உள்ளிருக்கும் சிறு வாஷரைக் கழுவுங்கள். மணல் துகள் ஒன்று போதும் அது மூடாமல் போக. கழுவியும் நிற்கவில்லை என்றால் மிதவை வால்வை மாற்றுங்கள். வெளியே தெரியும் டேங்கில் இதை நீங்களே செய்யலாம்.

### மட்டம் இறங்கினால்: ஃபிளஷ் வால்வு

எவ்வளவு இறங்கியது என்று அளந்துகொள்ளுங்கள். உட்புறம் 35 செ.மீ. நீளமும் 15 செ.மீ. அகலமும் உள்ள டேங்கில் 1 செ.மீ. என்பது அரை லிட்டருக்குச் சற்று அதிகம். ஒரு மணி நேரத்தில் அவ்வளவு இறங்கினால் நாளைக்குப் பன்னிரண்டு லிட்டருக்கு மேல் போகிறது.

முதலில் பொத்தானைப் பாருங்கள். அழுத்திய பொத்தான் முழுதாக மேலே வருகிறதா? தள்ளுகம்பியின் நீளம் சற்றுக் கூடுதலாக இருந்தால் அது வால்வை எப்போதும் மயிரிழை தூக்கியே வைத்திருக்கும். குளியலறையைப் புதுப்பித்து, டைல்ஸ் மாற்றி, பலகையைத் திரும்பப் பொருத்திய வீடுகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். பொத்தானுக்கும் வால்வுக்கும் இடையே ஓரிரு மி.மீ. தளர்வு இருக்கும்படி கம்பியைத் திருகிக் குறையுங்கள்.

அடுத்தது வாஷர். ஆங்கிள் வால்வை மூடி, டேங்கைக் காலி செய்து, ஃபிளஷ் வால்வை இடப்பக்கமாகக் கால் சுற்றுத் திருப்பினால் பெரும்பாலான மாடல்கள் கையோடு வந்துவிடும். அடியில் வட்டமான ரப்பர் அல்லது சிலிக்கான் வாஷர் இருக்கும். அதையும், அது உட்காரும் பிளாஸ்டிக் வட்டத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். உப்பு சொரசொரப்பாகத் தட்டுப்பட்டால் மென்மையான துணியால் துடைத்தெடுங்கள். உலோகத்தால் சுரண்டக் கூடாது. கீறல் விழுந்தால் அதன் வழியே கசிவு நிரந்தரமாகிவிடும். வாஷர் விறைத்தோ வீங்கியோ பள்ளம் விழுந்தோ இருந்தால் மாற்றிவிடுங்கள். கடைக்குப் பழையதையே கையில் எடுத்துச் செல்லுங்கள். பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும் வாஷர்கள் இரண்டு மி.மீ. வித்தியாசத்தில் பொருந்தாமல் போகும்.

வாஷருக்கு வாஸ்லின் தடவாதீர்கள். பெட்ரோலியப் பசை ரப்பரை வீங்கச் செய்யும். டேங்குக்குள் போடும் குளோரின் மாத்திரைகளும் வேண்டாம். தண்ணீர் நீலமாகவும் மணமாகவும் இருக்கும். உள்ளே ரப்பர் கெட்டுக்கொண்டிருக்கும். என்னிடம் கேட்டால் நீர் சேமிக்கும் கழிப்பறைக்கு அதைவிடக் கெட்ட பழக்கம் வேறில்லை.

வாஷர் புதிது, வட்டமும் சுத்தம், ஆனாலும் கசிகிறது என்றால் வால்வின் அடிப்பாகத்தில் விரிசல் இருக்கலாம். கோப்பையின் மேல் அமர்ந்த டேங்காக இருந்தால் டேங்கையே இறக்க வேண்டியிருக்கும்.

பிளம்பரை அழைக்க வேண்டிய இடம்: வால்வின் அடிப்பாகத்தை மாற்ற வேண்டுமானால், அல்லது மறைந்த டேங்கில் வால்வு சுழலவே மறுத்தால். பொத்தான் பலகையின் துளை வழியே வால்வு முழுவதையும் வெளியே எடுக்கலாம், ஆனால் அதற்கு ஒரு மடிப்பு முறை உண்டு. அது தெரியாமல் இழுத்தால் உள்ளேயே உடையும். சுவரை உடைக்க வேண்டும் என்று முதல் பேச்சிலேயே சொல்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். மறைந்த டேங்கின் வால்வுகள் துளை வழியே மாற்றும்படிதான் செய்யப்படுகின்றன.

## அறிகுறி 2: ஒரு தடவை அழுத்தினால் போகவில்லை

அதிகம் குழப்பும் கோளாறு இதுதான். "இந்த வகையே இப்படித்தான்" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அப்படி இல்லை. நன்றாகப் பொருத்திய 4.5 லிட்டர் கழிப்பறை ஒரே அழுத்தில் சுத்தம் செய்யும்.

ஒரு வாளியில் 6 லிட்டர் தண்ணீர் எடுங்கள். இடுப்பு உயரத்திலிருந்து கோப்பையின் நடுவில் ஒரே வீச்சில் ஊற்றுங்கள். மட்டம் மேலேறி வந்தால் உடனே ஊற்றுவதை நிறுத்துங்கள். இந்தச் சோதனையின் முடிவு பாதையை இரண்டாகப் பிரிக்கும்.

### வாளித் தண்ணீர் சட்டென்று இறங்கினால்: குறை டேங்கில் அல்லது விளிம்பில்

கோப்பையும் குழாயும் நன்றாக இருக்கின்றன. தண்ணீர்தான் போதுமான அளவிலோ வேகத்திலோ வரவில்லை.

அ) டேங்கின் உள்ளே ஒரு மட்டக்கோடு அச்சிடப்பட்டிருக்கும். தண்ணீர் அதைத் தொடுகிறதா? இல்லையென்றால் மிதவையை உயர்த்துங்கள். தண்ணீரை மிச்சப்படுத்துவதாக நினைத்து டேங்கில் பாட்டிலோ செங்கலோ வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். பழைய பெரிய டேங்குக்குச் சொன்ன யோசனை அது. இங்கே ஒவ்வொரு அரை லிட்டரும் கணக்கில் உள்ளது. செங்கல் கரைந்து துகளாகி வாஷரின் அடியில் போயும் சேரும்.

ஆ) ஃபிளஷ் வால்வின் பக்கவாட்டில் எண்கள் பொறித்த ஒரு நகரும் துண்டு இருக்கும். முழு ஃபிளஷ், அரை ஃபிளஷ் ஆகியவற்றின் அளவை மாற்றுவது அதுதான். கோப்பை 6 லிட்டருக்கு வடிவமைக்கப்பட்டு, வால்வு 4.5 லிட்டருக்கு வைக்கப்பட்டிருந்தால் எந்நாளும் சரியாகப் போகாது. கோப்பையின் பெட்டியிலோ கையேட்டிலோ உள்ள அளவைப் பார்த்து அதற்கு ஏற்ப வையுங்கள். 4.5 லிட்டரை இரண்டு தடவை அழுத்தினால் 9 லிட்டர். 6 லிட்டர் ஒரு தடவையோடு முடிந்துவிடும். அளவைக் கூட்டுவதற்குத் தயங்கத் தேவையில்லை.

இ) வால்வு முழு உயரத்துக்கு எழுகிறதா? மூடியைத் திறந்து வைத்துப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். பாதி எழுந்து சட்டென்று விழுந்தால் தள்ளுகம்பி குட்டையாக இருக்கிறது, அல்லது கேபிள் வகையில் கேபிள் மடிந்திருக்கிறது.

ஈ) விளிம்புத் துளைகள். சிறிய கண்ணாடி ஒன்றை விளிம்பின் அடியில் காட்டுங்கள். உப்பு மிகுந்த தண்ணீர் வரும் இடங்களில் துளைகள் பாதிக்குப் பாதி அடைத்திருக்கும். விளிம்பில்லாத கோப்பையில் தண்ணீரை இருபுறமும் பிரித்துவிடும் வாய் ஒன்று பின்னால் இருக்கும், அங்கே பாருங்கள். சிட்ரிக் அமிலத் தூளை வெதுவெதுப்பான நீரில் கரைத்து, டிஷ்யூ தாளை அதில் நனைத்து விளிம்பின் அடியில் அப்பி, இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். காலையில் பிளாஸ்டிக் குச்சியால் துளைகளைக் குத்தி, முழு ஃபிளஷ் அழுத்துங்கள். கொதிநீர் ஊற்றக் கூடாது, பீங்கான் விரிசல் விடும். அமிலம் எதையும் பிளீச்சிங் பொருளோடு சேர்க்கவே கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

### வாளித் தண்ணீர் ஏறி நின்று மெல்ல இறங்கினால்: குறை போக்குக் குழாயில்

பெரும்பாலும் கோப்பையின் வளைவிலேயே ஏதாவது சிக்கியிருக்கும். ஈரத் துடைப்பான்கள் (வெட் வைப்ஸ்), சானிட்டரி நாப்கின், பஞ்சு ஆகியவை கரைவதில்லை. பொட்டலத்தின் மேல் என்ன எழுதியிருந்தாலும் ஈரத் துடைப்பானைக் கழிப்பறையில் போடாதீர்கள். கீழே மடிப்பு நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் பிளஞ்சரை வைத்துச் சீராக அழுத்தி இழுங்கள். அசையவில்லை என்றால் கழிப்பறைக்கென்று விற்கும், முனையில் பிளாஸ்டிக் உறை போட்ட சுருள்கம்பியைச் செலுத்துங்கள். உறையில்லாத கம்பி பீங்கானில் அழியாத கறுப்புக் கோடு போட்டுவிடும்.

காஸ்டிக் சோடா போன்ற, அடைப்பு நீக்கும் காரத் தூளைக் கோப்பையில் கொட்டாதீர்கள். அடைப்பு விலகாவிட்டால் அந்தக் காரநீர் அங்கேயே நிற்கும். அடுத்து பிளஞ்சர் போடும் உங்கள் முகத்திலோ, குழாயைக் கழற்றும் பிளம்பரின் கையிலோ தெறிக்கும்.

அடைப்பை எடுத்த சில வாரங்களில் மறுபடியும் வந்தால் காரணம் ஆழத்தில் இருக்கிறது. 100 மி.மீ. போக்குக் குழாய்க்கு மீட்டருக்கு 12.5 முதல் 25 மி.மீ. வரை சரிவு வைப்பது வழக்கம். பழைய வீடுகளில் 9 லிட்டருக்கு மேல் தள்ளிய டேங்குக்கு, சரிவு சற்றுக் குறைந்த குழாயும் ஈடுகொடுத்து வந்திருக்கும். அதே குழாயில் 4.5 லிட்டர் கழிப்பறையை வைத்தால் கழிவு வழியிலேயே தங்கிச் சேரத் தொடங்கும். கிடைமட்டமாக நீண்ட தூரம் ஓடும் குழாயில் இது இன்னும் மோசம். திடக்கழிவுக்கு எப்போதும் பெரிய பொத்தானையே அழுத்துங்கள். சின்னப் பொத்தான் சிறுநீருக்கு மட்டும். தாளை அது தூரம் தள்ளாது.

பிளம்பரை அழைக்க வேண்டிய இடம்: சுருள்கம்பியும் பலன் தராதபோது, அடைப்பு திரும்பத் திரும்ப வரும்போது, ஒரு கழிப்பறையை ஃபிளஷ் செய்தால் வேறு இடத்தில் தண்ணீர் மேலேறும்போது. குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தரையைத் தோண்டுவதற்கு முன் அந்தப் படம் உங்கள் கண்ணுக்கு முன்னால் இருக்க வேண்டும்.

## அறிகுறி 3: டேங்க் நிறைய நெடுநேரம் ஆகிறது

ஆங்கிள் வால்வு முழுதாகத் திறந்திருக்கிறதா, இணைப்புக் குழாய் எங்காவது மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, தண்ணீரை நிறுத்தி, மிதவை வால்வின் வாயில் உள்ள சிறு வடிகட்டியை எடுத்துக் கழுவுங்கள். மேல்நிலைத் தொட்டியைச் சுத்தம் செய்த மறுநாள் வரும் புகார்களில் பெரும்பாலானவை இங்கேயே தீர்ந்துவிடும்.

புதிதாக வைத்த நாளிலிருந்தே மெதுவாக நிறைகிறது என்றால் அழுத்தம் குறைவு. 10 மீட்டர் உயரத் தண்ணீருக்கு ஏறக்குறைய 1 பார் அழுத்தம். மேல்நிலைத் தொட்டி 3 மீட்டர் உயரத்தில் இருந்தால் 0.3 பார்தான் கிடைக்கும். சில மிதவை வால்வுகளுக்குக் குறைந்தது 0.5 பார் வேண்டும். வால்வின் பொட்டலத்தில் எழுதியிருக்கும். வேகத்தைக் குறைக்கும் பிளாஸ்டிக் துண்டு வாயில் செருகியிருந்தால் அதை எடுத்துப் பாருங்கள். அதுவும் போதவில்லை என்றால் குறைந்த அழுத்தத்துக்கு ஏற்ற வால்வாக மாற்றுங்கள். இதற்காக மோட்டார் பம்ப் வைக்கச் சொன்னால், முதலில் வால்வை மாற்றிப் பார்க்கலாம் என்று சொல்லுங்கள்.

## அறிகுறி 4: பொத்தான் கேட்பதில்லை

அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை. தள்ளுகம்பி நழுவியிருக்கும், அல்லது கேபிள் கழன்றிருக்கும். காற்றழுத்தத்தால் இயங்கும் வகையில் பொத்தானிலிருந்து வால்வுக்கு ஒரு மெல்லிய குழாய் போகும். அதைப் பொத்தான் பக்கத்தில் கழற்றி வாயால் ஊதுங்கள். டேங்க் ஃபிளஷ் ஆனால் பழுது பொத்தானில். ஆகாவிட்டால் குழாயிலோ வால்விலோ.

சின்னப் பொத்தானுக்கும் முழுத் தண்ணீர் வருகிறது. கம்பிகள் இடம் மாறியிருக்கும், அல்லது அரை ஃபிளஷுக்கான குட்டி மிதவை கழன்றிருக்கும். எடுத்து வைத்த படம் இங்கேதான் உதவும்.

அழுத்திய பொத்தான் மேலே வரவில்லை. பலகையின் ஓரத்தில் படிந்த சோப்பும் உப்பும்தான் காரணம். கழற்றிக் கழுவுங்கள். சுருள்வில் உடைந்திருந்தால் அந்த மாடலுக்கான பொத்தான் பலகையை மட்டும் வாங்கினால் போதும்.

## அறிகுறி 5: தரையில் ஈரம், சுவரில் ஊறல்

எங்கிருந்து என்பதைவிட எப்போது என்பதே முதல் கேள்வி. எல்லாவற்றையும் துடைத்துக் காயவைத்து, கோப்பையின் அடியிலும் டேங்கின் அடியிலும் டிஷ்யூ தாளைப் பரப்புங்கள்.

### எப்போதும் நனைந்தால்

ஆங்கிள் வால்வின் இணைப்பு, இணைப்புக் குழாயின் வாஷர், டேங்கையும் கோப்பையையும் சேர்க்கும் போல்ட்டுகளின் வாஷர் என்று மேலிருந்து கீழாகப் பாருங்கள். போல்ட்டை இருபுறமும் மாற்றி மாற்றிக் கால் சுற்றாக இறுக்குங்கள். ஒரே பக்கம் முறுக்கினால் பீங்கான் வெடிக்கும். டேங்கின் வெளிப்புறம் முழுவதும் முத்து முத்தாக வியர்த்திருந்தால் அது கசிவில்லை. ஈரக்காற்று குளிர்ந்த பீங்கானில் படிவதுதான். காற்றோட்டம் கொடுத்தால் குறையும்.

### ஃபிளஷ் செய்தபின் மட்டும் நனைந்தால்

டேங்கிலிருந்து கோப்பைக்கு வரும் குழாயின் ரப்பர் வளையம், அல்லது கோப்பையின் கழிவு வாயை போக்குக் குழாயோடு சேர்க்கும் இணைப்பு. முதலாவதில் நல்ல தண்ணீர். இரண்டாவதில் கழிவுநீர், நாற்றமும் இருக்கும். தரையைச் சுற்றிச் சிலிக்கான் பூசி இதை மறைக்காதீர்கள். தண்ணீர் தரைக்கு அடியில் போய், கீழ்த்தளத்தின் கூரையில் தெரியும்.

தொங்கும் கோப்பை சற்றே ஆடினாலும் பயன்படுத்துவதை நிறுத்துங்கள். சுவருக்குள் உள்ள இரும்புச் சட்டங்கள் பல 400 கிலோ எடைக்குச் சோதிக்கப்பட்டவை. ஆகவே ஆட்டம் பெரும்பாலும் நட்டு தளர்ந்ததால் வருவது. ஆனால் ஆடிக்கொண்டே இருந்தால் இணைப்பு ரப்பர் கிழியும், பீங்கானிலும் விரிசல் விழும்.

பிளம்பரை அழைக்க வேண்டிய இடம்: கழிவு இணைப்பு எதுவானாலும், மறைந்த டேங்கைச் சுற்றிய சுவர் ஊறினாலும், கோப்பையில் விரிசல் கண்டாலும். விரிசலைப் பசையால் ஒட்டாதீர்கள். உட்கார்ந்திருக்கும்போது உடையும் பீங்கான் கத்திபோல் கிழிக்கும். கோப்பையை மாற்றுவது மட்டுமே வழி.

## அறிகுறி 6: நாற்றம், களகளவென்ற ஓசை

கோப்பையின் வளைவில் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் குழாய்க் காற்றைத் தடுக்கிறது. அந்தத் தேக்கம் வழக்கமாக 50 மி.மீ. ஆழம் இருக்க வேண்டும். பல வாரங்கள் பயன்படுத்தாத குளியலறையில் அது வற்றிவிடும். ஒரு தடவை ஃபிளஷ் செய்தால் சரியாகும்.

பயன்பாட்டில் உள்ள கழிப்பறையிலேயே மட்டம் குறைந்து, களகளவென்று ஓசையும் வந்தால், குழாய்க் காற்றை மாடிக்கு மேல் வெளியேற்றும் காற்றுப்போக்கிக் குழாய் அடைத்திருக்கலாம். இலையோ பறவைக் கூடோ அதன் வாயை மூடியிருக்கும். மாடிக்கு மேல் ஏறி அதைச் சரிசெய்வது பிளம்பரின் வேலை.

## அறிகுறி 7: சீட் கவர் தடாலென்று விழுகிறது

மெதுவாக இறங்கும் கவரின் கீலில் உள்ள தணிப்பான் தேய்ந்துவிட்டது. கையால் அழுத்தி மூடினால் விரைவில் தேயும். பல மாடல்களுக்குக் கீல் தனியாகக் கிடைக்கும். சீட் பக்கவாட்டில் நகர்ந்தால் மேலிருந்து இறுக்கும் திருகைப் பாருங்கள்.

## பிளம்பரிடம் சொல்ல வேண்டியவை

டேங்கின் உள்ளே அச்சிட்ட மாடல் பெயர், பொத்தான் பலகைக்குப் பின்னால் எடுத்த படம், கழற்றிய வாஷரின் விட்டம். பென்சில் கோடு எவ்வளவு நேரத்தில் எவ்வளவு இறங்கியது, வாளித் தண்ணீர் எப்படி இறங்கியது, ஈரம் எப்போதுமா ஃபிளஷுக்குப் பிறகா என்பதையும் சொல்லுங்கள். இவை தெரிந்தால் அவர் முதல் தடவையே சரியான பாகத்தோடு வருவார்.